பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுப் பேனல் மாட்டுவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

என்னிடம் 1971இல் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. அதை மறுபடி சாலையில் ஓடவைக்க ஆறு வருடம் பிடித்தது. அதில் பாதிக் காலம் பேனல்களோடு, அதாவது காரின் உடல் தகடுகளோடு, மல்லுக்கட்டியதில் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி, துருப்பிடித்த மட்கார்டு படத்தைக் காட்டி, போன வாரம் இன்னொருவர் கேட்டதையே கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடும். அதனால் எழுதிவிட்டேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் எம்ஜிபியை வைத்துத்தான், எனக்குக் கைப்பழக்கம் அதில். டாட்சன் இசட், பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கும் வேலை முறை ஒன்றுதான்.

எம்எக்ஸ்-5 எல்லாம் கிளாசிக் காரா அண்ணே? நான் பாலிடெக்னிக் படிக்கும்போது ரோட்ல ஓடுன காராச்சே?

வயதாகிவிட்டது, தம்பி. காருக்கும் சரி, நமக்கும் சரி. முதல் எம்எக்ஸ்-5 வந்தது 1989இல். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டத்துக்கு, முதல் பதிவிலிருந்து 35 வருடம் ஆகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஆரம்பகால எம்எக்ஸ்-5கள் உள்ளே வந்துவிட்டன. அந்தத் திட்டத்தில் சேர்ந்த காரை வருடத்தில் 45 நாள் மட்டுமே ஓட்டலாம். இந்த 45ஐ நினைவில் வையுங்கள், துருவைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

பேனல் மாத்துறதுன்னா போல்ட்டைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டுறதுதானே? அதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

பாதி பேனல்களுக்கு அப்படித்தான். எம்ஜிபியில் முன் மட்கார்டு, பானட், கதவு, பூட் மூடி எல்லாம் போல்ட்டில் நிற்பவை. பின் மட்கார்டு, சில், தரைத் தகடு ஆகியவை உடலோடு வெல்டிங் ஆனவை. சில் என்பது கதவுக்குக் கீழே காரின் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. காரின் முதுகெலும்பே அந்தச் சில்தான்.

போல்ட் பேனல் என்றாலும் சும்மா இல்லை. முன் மட்கார்டைக் கழற்ற, சில போல்ட்டுகளைக் காருக்குள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு கையை விட்டுத்தான் தேட வேண்டும். ஐம்பது வருடத் துருவில் இறுகிப்போன போல்ட் அது. முதல் நாளே துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள், அவசரப்பட்டுத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும்.

புதுப் பேனலை அந்தக் காருக்குன்னே செஞ்சிருக்காங்க. அப்புறம் ஏன் பொருந்த மாட்டேங்குது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று பேனல். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1975இல் தொடங்கியது. அன்று தொழிற்சாலையில் பயன்பட்ட மூல அச்சுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றிலேயே பேனல் அடிக்கிறார்கள். 1988இல் எம்ஜிபிக்கு முழு உடலையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதே பேனலை வேறு யாராவது அளவெடுத்து நகல் செய்து மலிவாக விற்பார்கள். நகலில் ஓர மடிப்பு கூர்மையாக இருக்காது, பக்கவாட்டில் ஓடும் வரி கதவில் இருக்கும் வரியோடு சேராது, போல்ட் துளை அரை விரல் தள்ளி நிற்கும்.

இன்னொன்றை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: உங்கள் கார். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் பேனலை வைத்து, தட்டி, நிமிர்த்தி, தேவைப்பட்ட இடத்தில் ஈயம் உருக்கி ஊற்றிச் சரிசெய்துதான் வெளியே விட்டார்கள். அதன்பிறகு ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் இடித்தார்கள், எத்தனை பேர் ‘கெத்தோக்’ அடித்து நிமிர்த்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்? புதுப் பேனல் அச்சில் வார்த்தது போல இருக்கிறது, உட்காரும் இடம்தான் கோணல். பேனலைத் திட்டுவதற்கு முன் காரை அளந்து பாருங்கள்.

பேனல் கறுப்பா வருதே, அது பெயிண்ட்தானே? அது மேலேயே அடிச்சிடலாமா?

இரண்டு வகைக் கறுப்பு உண்டு. ஒன்று, மின்சாரத் தொட்டியில் முக்கி எடுத்த நல்ல பூச்சு. அதை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே வேலை செய்யலாம். மற்றது கப்பலில் வரும்வரை துருப்பிடிக்காமல் இருக்க அடித்த மெல்லிய பூச்சு. துணியில் தின்னரை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்துப் பூச்சு கரைந்தால் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும். கரையாவிட்டால் இருக்கட்டும்.

வெறுந்தகடு தெரிய எடுத்துவிட்டால் அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். மழை பெய்த சாயங்காலம் தேய்த்து வைத்துவிட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால் தகடு மஞ்சள் பூசிக் குளித்தது போல் இருக்கும். வெறுங்கையால் தொடவும் வேண்டாம், நம் வியர்வையின் கைரேகை இரண்டு நாளில் துருவாக எழுந்துவரும்.

புளோக் கார் பார்க்கிலேயே வச்சு மெல்ல மெல்ல செஞ்சிடலாமா?

வேண்டாம். கிரைண்டர் பொறி பக்கத்துக் காரின் கண்ணாடியில் ஒட்டினால் அந்தக் கண்ணாடியை நீங்கள்தான் மாற்றித் தர வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் பார்க் பட்டறை அல்ல, வெல்டிங் போடும் இடமும் அல்ல. சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு மூலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஜொகூருக்குக் கொண்டுபோனால் மலிவு என்பார்கள். பெயிண்டுக்குச் சரி. பொருத்திப் பார்க்கும் வேலைக்கு எனக்குச் சம்மதமில்லை. வாரம் மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை அது, பாலத்து நெரிசலில் நின்றே வாரம் போய்விடும்.

எதை முதல்ல மாட்டணும்? நான் முன்னாடி இருந்து ஆரம்பிச்சேன், கதவுல வந்து மாட்டிக்கிட்டேன்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். அசையாதது எதுவோ அதிலிருந்து தொடங்குவதுதான் கணக்கு. பின் மட்கார்டு உடலோடு வெல்டிங் ஆனது, அதை நகர்த்த முடியாது. அதோடு கதவின் பின் ஓரத்தைச் சேருங்கள், அடுத்துக் கதவின் அடி ஓரத்தைச் சில்லோடு. கதவு சரியாக நின்றபிறகு முன் மட்கார்டைக் கதவோடு சேருங்கள். பானட் கடைசி. இரண்டு மட்கார்டுக்கும் நடுவில் அது எங்கே விழுகிறதோ அங்கே கீலில் சரிசெய்துகொள்ளலாம்.

கதவைத் தொங்கவிடும் முன் கீலின் ஊசியைப் பாருங்கள். திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? ஊசி தேய்ந்திருக்கிறது. அந்தக் கதவை வைத்து எதையும் அளக்காதீர்கள். நான் ஒரு மாதம் மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி சுண்டுவிரல் நீள ஊசி.

சில் ரெண்டு பக்கமும் போச்சு. லிஃப்ட்ல ஏத்தி வெட்டி எடுத்துட்டுப் புதுசு போட்டா ஆச்சா?

உரத்த குரலில் சொல்கிறேன்: கூடாது. மேற்கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு சில்லும் நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் சுரங்கமும்தான். என் காரின் வலப்பக்கச் சில்லை முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். இரண்டு தூண் லிஃப்டில், நடுவயிற்றில் கை கொடுத்துத் தூக்கி, அந்தரத்தில் வைத்தே வெட்டி, அந்தரத்தில் வைத்தே வெல்டிங் போட்டுவிட்டார்கள். என்ஜின் பாரத்தில் மூக்கு தொங்கியிருந்திருக்கிறது. இறக்கிப் பார்த்தால் கதவின் மேல்பக்கம் சுண்டுவிரல் நுழைகிறது, கீழே தகடும் தகடும் உரசுகிறது. மொத்தத்தையும் பிரித்து மறுபடி செய்தேன்.

முறை இது. கார் சாலையில் நிற்பது போலவே நிற்க வேண்டும். முன்னால் சஸ்பென்ஷன் கிராஸ்மெம்பருக்கு அடியில், பின்னால் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கதவை மூடி, சுற்றிலும் கேப்பை (கதவுக்கும் பக்கத்துப் பேனலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை) அளந்து, பேனல் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். பிறகு கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு ஒரு சதுரக் குழாயைக் குறுக்கே போட்டு இறுக்குங்கள். கதவை மூடித் திறக்க முடியுமாறு அது உள்பக்கமாக நிற்க வேண்டும். வேலை நடுவில் இருபது தடவையாவது கதவை மூடிப் பார்ப்பீர்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்தபிறகுதான் மறுபக்கத்தில் கிரைண்டர்.

இன்னொன்று: எம்ஜிபி சில் ஒற்றைத் தகடு அல்ல. வெளிச் சில், உள் சில், நடுவில் செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு, அடியில் காஸில் ரெயில் என்ற பட்டை. வெளிச் சில்லின் இரண்டு முனையும் மட்கார்டுகளுக்குள்ளே ஓடி மறைகின்றன. முன் மட்கார்டைக் கழற்றாமல், பின் மட்கார்டின் கீழ்முனையை வெட்டாமல் ஒழுங்காக மாற்ற முடியாது. தெரிகிற இடத்தை மட்டும் வெட்டி மேலே ஒரு தகட்டை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது புண்ணுக்குப் பவுடர் போட்ட கதை.

ஜிடி மாடலுக்கும் இதேதானா? அதுக்குத்தான் கூரை இருக்கே?

கூரை இருப்பதால் அவ்வளவு சுலபமாக மடியாது. ஆனாலும் குறுக்குக் குழாயைப் போட்டுவிடுங்கள், அரைமணி நேர வேலை.

தனி சேசிஸ் உள்ள டிரையம்ப் டிஆர் வகைக் கார்களில் கணக்கே வேறு. அங்கே உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்தாலே கதவின் கேப் விரியும், சுருங்கும். அந்தத் துண்டுகள் எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று எழுதிவைக்காமல் உடலைத் தூக்காதீர்கள்.

கேப் எவ்வளவு இருக்கணும்? மெர்சிடிஸ் மாதிரி வரணும்னு ஆசை.

நம் ஊர் ஆசாரிக் கணக்கில் ஒன்றரை நூல். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஆக 4 முதல் 5 மில்லிமீட்டர் வந்தால் போதும், புதிதாக விற்றபோதே அந்தக் கார்கள் அதைவிட மோசமாகத்தான் வந்தன. மேலே 5, கீழே 5 என்று ஒரே அகலத்தில் ஓடினால் கண்ணுக்கு அழகு. மேலே 3, கீழே 6 என்றால் பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் கோணல் தெரியும். ஒரே தடிமனுள்ள மரத்துண்டைச் சீவி வைத்துக்கொண்டு கேப் நெடுக ஓட்டிப் பாருங்கள், ஸ்கேலைவிட நம்பகமானது.

பெயிண்டுக்கும் இடம் விடுங்கள். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து ஓர் ஓரத்தில் கால் மில்லிமீட்டர்வரை ஏறும். கேப்புக்கு ஓரம் இரண்டு. வெறுந்தகட்டில் 4 வைத்தால் பெயிண்டுக்குப் பிறகு மூன்றரைதான் மிஞ்சும்.

ரப்பர் இல்லாம கதவு ஜம்முனு மூடுச்சு. ரப்பர் போட்டதும் வெளியே தள்ளிக்கிட்டு நிக்குது. ஏன்?

ரப்பர் இல்லாமல் பார்த்ததால். புது ரப்பர் கெட்டியாக இருக்கும், கதவை அரை நூல் வெளியே தள்ளும். வெல்டிங்குக்கு முன்பே ரப்பர், பூட்டு, கண்ணாடி எல்லாம் மாட்டிப் பாருங்கள். கண்ணாடியின் பாரத்திலும் கதவு இறங்கும்.

என்ஜின் வெளியே இருக்கும்போதே எல்லாத்தையும் பொருத்திடலாம்ல? இடமும் தாராளமா இருக்கு.

சில்லைப் பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள். மூக்கில் பாரம் இல்லாதபோது சரியாக இருக்கும் கேப், என்ஜின் ஏறியதும் மாறும். முழுவதும் பொருத்தலாம், ஆனால் கடைசி இறுக்கு என்ஜினும் கியர்பாக்ஸும் உள்ளே போய், கார் தன் சக்கரத்தில் நின்றபிறகு.

புது மட்கார்டு ஒரு நூல் நீளமா இருக்கு. ஓரத்தைச் சீவிடலாமா?

முதலில் எல்லாப் போல்ட்டையும் தளர்த்திவிட்டு மறுபடி உட்காரவையுங்கள். ஒரு முனையை முழுக்க இறுக்கிவிட்டு மறுமுனையைப் பார்த்தால் எந்த மட்கார்டும் நீளமாகத்தான் தெரியும். எல்லாப் போல்ட்டும் கைவிரலால் திருகிய அளவில் இருக்கும்போது தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாக அராவுவதில் குற்றமில்லை.

அப்புறமும் நீளம் என்றால், மடிந்த ஓரத்தைச் சீவாதீர்கள், மடிப்பு திறந்துகொள்ளும். மடிப்புக்குச் சற்று உள்ளே கீறி, வேண்டிய அளவு எடுத்து, மறுபடி சேர்த்து வெல்டிங் போட வேண்டும். கேப் அதிகம் என்றால் ஓரத்தில் மெல்லிய கம்பியை வெல்டிங் போட்டு அராவுவார்கள். இரண்டுமே கைதேர்ந்தவர் வேலை.

அண்ணே, நான் ஷிப்யார்டுல வெல்டர். பெரிய பெரிய பிளேட்டெல்லாம் போடுறேன். இந்தத் தகரம் மட்டும் அப்பளம் மாதிரி வளைஞ்சுடுதே?

தம்பி, நீ கையாளும் தகடு 10, 12 மில்லிமீட்டர். சூடு அதற்குள் போய்ப் பரவ இடம் இருக்கிறது. காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குச் சூடு போக வழியில்லை, அதனால் நெளிகிறது. உன் கைத்திறமையில் குறை இல்லை, பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போடு. நீளமாக இழுக்காதே. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல ஒரு புள்ளி இந்த முனையில், அடுத்தது அந்த முனையில், பிறகு நடுவில். கைவைத்தால் சுடாத அளவு ஆறியபிறகே அடுத்த சுற்று. மூன்றடித் தையலுக்கு ஒரு மதியம் முழுக்க ஆனாலும் ஆகட்டும்.

தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் போட்ட இடங்களில், மேல்தகட்டில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, அந்தத் துளையை நிரப்பி அடித்தகட்டோடு சேர்த்துவிடு. இரண்டு தகடும் ஒட்டும் முகங்களில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாக பிரைமரை முதலிலேயே பூசு. எல்லாவற்றுக்கும் முன்னால், தானே துளைத்து இறங்கும் திருகாணிகளால் பேனலை முழுக்கப் பிடிக்கவைத்து, கதவை மூடிப் பார்த்துவிட்டுத்தான் முதல் புள்ளி. திருகாணியைக் கழற்றலாம், வெல்டிங்கைக் கழற்ற முடியாது.

பானட்ல காந்தம் ஒட்டல. யாராவது பட்டி பூசி ஏமாத்திட்டாங்களா?

பதறாதீர்கள். ஆரம்ப வருடத்து எம்ஜிபிகளுக்குப் பானட் அலுமினியம். பிறகுதான் இரும்புக்கு மாறினார்கள். பழைய எம்எக்ஸ்-5 பானட்டும் அலுமினியம்தான். இரும்புத் தகட்டைத் தேய்த்த உப்புத்தாளால் அதைத் தேய்க்காதீர்கள். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கீல் போல்ட் இருக்கும் இடத்தில் நைலான் வாஷர் வைத்து இரண்டையும் பிரித்துவையுங்கள்.

பட்டி எவ்வளவு வரைக்கும் பூசலாம்?

தகட்டைத் தட்டி நிமிர்த்தியபிறகு, ஒரு மில்லிமீட்டர், போனால் இரண்டு. குழியை நிரப்பப் பட்டி பூசினால், பகலில் வெயிலும் சாயங்காலம் மழையும் மாறி மாறி அடிக்கும் இந்த ஊரில் ஒருநாள் ஓரத்தில் வெடிக்கும்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது இணைப்புகளில் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஏதாவது தெரிந்தால் அது ஈயமாக இருக்கலாம். அதன்மேல் கிரைண்டரை ஓட்டாதீர்கள். அந்தத் தூசி உள்ளே போனால் விஷம். அரத்தால் அராவுங்கள், முகமூடி போடுங்கள், வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள்.

ஃபைபர் மட்கார்டு மலிவா கிடைக்குது, துருவும் பிடிக்காது. போட்டுடலாமா?

லோட்டஸ் எலான் என்றால் அதன் உடலே ஃபைபர், போடுங்கள். இரும்புக் காருக்கு நான் போடமாட்டேன். போல்ட்டை இறுக்கும் இடத்தில் விரிசல் விடும். இரும்பு ஓரமும் ஃபைபர் ஓரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் என்ன பெயிண்ட் அடித்தாலும் வித்தியாசம் தெரியும்.

பழைய துருப்பிடிச்ச பேனலைப் பழைய சாமான் எடுக்கும் காராங்குனிக்காரர்கிட்டப் போட்டுடலாமா? வீட்டுல திட்டுறாங்க.

திட்டட்டும். கார் ஓடும்வரை கட்டிலுக்கு அடியிலாவது வையுங்கள். பக்கவாட்டு குரோம் பட்டைக்குத் துளை எங்கே, எந்த மூலை எவ்வளவு வளைவு என்று கேட்டால் பதில் சொல்லப்போவது அந்தத் துருப்பிடித்த தகடுதான். பல புதுப் பேனல்களில் அந்தத் துளைகள் இருக்காது.

இவ்ளோ செஞ்சும் மறுபடி துருப்பிடிக்குமா?

பிடிக்கும், உள்ளிருந்து. ஆரம்பத்தில் சொன்ன 45 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 320 நாள் கார் நிற்கிறது. ஓடாத காரின் சில்லுக்குள் காற்று நகராது, புகுந்த ஈரம் அங்கேயே தங்கும். பெயிண்ட் முடிந்தபிறகு சில், தூண், கதவின் அடிப்பகுதி எல்லாவற்றுக்குள்ளும் நீளக் குழாய் விட்டு மெழுகு அடியுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் அடித்தால் தீப்பிடிக்கும். தண்ணீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிட்டதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைக்காதீர்கள், உள்ளே புட்டு வெந்துவிடும்.

மொத்தம் எவ்வளவு வெள்ளி ஆகும் அங்கிள்?

தொகை சொல்லமாட்டேன், சொன்னால் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும்: பேனலின் விலையைவிடப் பொருத்தும் கூலி அதிகம். மட்கார்டு கனமில்லை, ஆனால் பெட்டி பெரிது, அதனால் கப்பல் கூலி இடத்துக்குத்தான். இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, கப்பல் கூலியையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். தேவையானதை ஒரே பெட்டியில் வரவழையுங்கள். நம் ஊரில் ‘கெத்தோக்’ என்றால் தகட்டைத் தட்டுவது, வாடிக்கையாளரை மொட்டையடிப்பதும் அதே சொல்தான். மணிக்கணக்குக் கூலியா, மொத்தக் கூலியா என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் சரியா வந்துடுச்சு. அதே மாதிரி செஞ்சும் வலப்பக்கம் ஒரு நூல் இடிக்குது. பேனலைக் குறை சொல்றதா, காரையா?

டேப்பை எடுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளங்கள், எம்ஜிபிக்கு 91 அங்குலம். பிறகு அடியில் மூலைக்கு மூலை குறுக்காக அளங்கள். இரண்டு குறுக்களவும் சமமில்லை என்றால் கார் எப்போதோ அடிபட்டு வளைந்திருக்கிறது. பேனலைத் தொடாதீர்கள், உடலை நிமிர்த்தும் மேசையில் ஏற்றுங்கள். அளவு சரியென்றால், இடப்பக்க மட்கார்டின் ஓர வளைவை அட்டையில் வெட்டி, திருப்பி, வலப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டை உட்காராத இடத்தில்தான் குறை.

பெயிண்ட் அடிச்சு வந்து மாட்டினேன். கதவு மட்கார்டுல உரசி ஓரத்துல பெயிண்ட் போச்சு. அழுகையா வருது.

பெயிண்டுக்கு இடம் விடாததால் இருக்கலாம், கேப் பற்றிய பதிலில் சொன்னேன். பெரும்பாலும் அதுகூட இல்லை, மாட்டும்போது கதவை முழுக்க மூடிப் பார்த்த அவசரம்தான். கழற்றும் முன் கீலைச் சுற்றித் தூணில் மெல்லிய கோடு கீறி வைத்திருந்தால் கீல் அதே இடத்தில் உட்காரும். கீறவில்லையா? மட்கார்டின் பின் ஓரத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவில் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்று செருகி, மட்கார்டை ஒரு மயிரிழை முன்னே தள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டிவிட்டு, கதவை மெல்ல, பூட்டு விழாத அளவுக்கு மட்டும் மூடிப் பாருங்கள். டேப் கிழியாமல் வந்தால் பூட்டு விழவிடுங்கள். போன ஓரத்துக்குச் சின்னத் தூரிகையால் தொட்டுவைத்தால் போதும், மறுபடி முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியதில்லை.